வேலியும் காவலும்: வாசகர் கேள்வி – பதில்

அரசின் கண்காணிப்பு, நாட்டின் பாதுகாப்பு, தனிமனிதரின் அந்தரங்கம் ஆகியவை பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுக்கு இம்முறை இப்பகுதியை முழுமையாக ஒதுக்கியிருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று ஏறத்தாழ எல்லோருமே கேட்டிருந்தார்கள். அந்த வேண்டுகோளே பாதி விடயத்தைச் சொல்லிவிடுகிறது. ஆகவே எவருடைய பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டில் எனக்குத் தெரிந்த பிள்ளைகளை இழந்தேன். எங்கள் எல்லோருடைய தொலைபேசிகளையும் ஒட்டுக்கேட்டால் அப்படியொரு நாள் மீண்டும் வராது என்றால், கேட்டுவிட்டுப் போகட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் நினைப்பது பிழையா?
ஓர் ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

பதில்: பிழையில்லை, ஆசிரியை அவர்களே. ஞாயிறு மறைக்கல்வி முடிந்து முற்றத்தில் நின்ற சிறுவர்களும் பலியான அந்தக் காலையை நினைத்தால், அந்தரங்கம் என்ற சொல்லே சிறியதாகிப் போய்விடுகிறது. ஆயினும், அன்றைய குண்டு நாங்கள் போதிய அளவு கண்காணிக்கப்படாததால்தான் வெடித்ததா என்பதை நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தியில், பின்னர் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் குழுவினர் சூஃபி மரபைப் பின்பற்றுவோருடன் மோதினார்கள். அவருடைய போக்கைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டவர்கள் அதே ஊர் முஸ்லிம்கள். 2018 நவம்பர் 30ஆம் திகதி வவுணதீவு சோதனைச்சாவடியில் கடமையிலிருந்த பொலிஸார் இருவர் கொல்லப்பட்டார்கள். சந்தேகம் பழகிய தடத்திலேயே ஓடியது. முன்னாள் போராளி ஒருவர் கைதாகி மாதக்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டார். அந்தக் கொலைகளைச் செய்தது சஹ்ரான் குழு என்பதும், கைதானவருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதும் உயிர்த்த ஞாயிறுக்குப் பின்னரே வெளிவந்தன. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி வெளிநாட்டுப் புலனாய்வு அமைப்பொன்றின் எச்சரிக்கை எமது அரச புலனாய்வுச் சேவைக்குக் கிடைத்தது. ஏப்ரல் 9ஆம் திகதி அது கடிதமாகப் பொலிஸ் மாஅதிபருக்குப் போனது. 11ஆம் திகதி இன்னொரு கடிதமாகச் சில பிரிவுகளுக்கு அனுப்பப்பட்டது. அதன் பின்னர் பத்து நாட்கள் கழிந்தன.

இந்த வரிசையில் தகவல் போதாமற்போன இடம் எதுவென்று நான் பலமுறை தேடிப் பார்த்திருக்கிறேன். அப்படியொன்றும் அகப்படவில்லை. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் இதையே சொல்கிறது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்றும், அப்போதைய பொலிஸ் மாஅதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளரும் தலா ஏழரைக் கோடி செலுத்த வேண்டும் என்றும் நீதிமன்றம் கட்டளையிட்டது, கையிலிருந்த எச்சரிக்கையின் மீது உரிய நடவடிக்கை எடுக்காமல் குடிமக்களின் அடிப்படை உரிமைகளை மீறினார்கள் என்பதற்காகவே. ஒட்டுக்கேட்கத் தவறினார்கள் என்பதற்காக எவரும் தண்டப்பணம் கட்டவில்லை.

பாதுகாப்பையும் அந்தரங்கத்தையும் தராசின் இரு தட்டுகளாகப் பேசுவது எங்களுக்குப் பழகிப்போய்விட்டது. ஒரு தட்டில் இருப்பதை எடுத்தால் மற்றத் தட்டு தானாகவே கனத்துவிடும் என்ற மயக்கம் அந்த உவமையிலேயே ஒளிந்திருக்கிறது. புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாள் போராளிகளும் அவர்களுடைய மனைவிமாரும் இந்த மாவட்டத்தில் எவ்வளவு நெருக்கமாகக் கண்காணிக்கப்பட்டார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர்கள் இழந்த அந்தரங்கம் சீயோனில் இருந்த ஒரு பிள்ளைக்கும் பாதுகாப்பாக மாறவில்லை. அது மட்டுமன்று, கண்கள் எல்லாம் அங்கே இருந்ததால் மறுபக்கம் பார்க்க ஆளில்லாமலும் போயிற்று.

இதனால் ஒட்டுக்கேட்பதே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2018இல் சஹ்ரானுடைய தொலைபேசியைக் கேட்பதற்கு நீதவான் ஒருவரிடம் கட்டளை கோரப்பட்டிருந்தால், அதை எதிர்த்து ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன். யாரை, எந்தக் காரணத்துக்காக, எவ்வளவு காலத்துக்கு, எந்தச் சட்டத்தின் கீழ் கண்காணிக்கிறோம் என்பதை ஓர் அதிகாரி எழுதிக் கையொப்பமிட்டு, அதைத் தனக்குக் கட்டுப்படாத இன்னொருவரிடம் காட்டியாக வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. கையொப்பமிட்ட தாள் இருக்கும் இடத்தில், ஏப்ரல் 11ஆம் திகதிக்குப் பிறகு நீர் என்ன செய்தீர் என்று கேட்கவும் வழி இருக்கும். இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் 2017 ஆகஸ்ட் 24ஆம் திகதி புட்டசுவாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தபோது வகுத்த அளவுகோலும் ஏறத்தாழ இதுவே: தலையீட்டுக்குச் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவை மிஞ்சக் கூடாது.

எமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அந்தரங்கம் தனியோர் உரிமையாக எழுதப்படவில்லை. 2015இல் 19ஆவது திருத்தத்தோடு வந்த 14அ உறுப்புரையில் அந்தச் சொல் இருக்கிறது. அங்கும், குடிமகனுக்குத் தகவல் கொடுக்க மறுப்பதற்கான காரணங்களில் ஒன்றாகத்தான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் மாதர் சங்கக் கூட்டம் நடக்கும் நாட்களில் சிவில் உடையில் இருவர் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். யார் வந்தார்கள், எங்கிருந்து பணம் வருகிறது, வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுகிறார்கள். யார் என்று கேட்டால் “ஒஃபிஸில இருந்து” என்கிறார்கள். பதில் சொல்லாவிட்டால் பிரச்சினை வருமோ என்று பயமாக இருக்கிறது.
ஒரு சங்கச் செயலாளர், படுவான்கரை

பதில்: தங்கச்சி, நீங்கள் அனுப்பிய கடிதத்தில் ஒரு வரியை இங்கே சேர்க்காமல் விட்டேன், அதைப் பதிலில் சொல்கிறேன். வந்தவர் நீல மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினார் என்றும், முன்பக்கங்களில் அடுத்த ஊர்ப் பெண்களின் பெயர்களும் தொலைபேசி இலக்கங்களும் இருந்ததைக் கண்டீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கொப்பிதான் பெரிய விடயமாகப் படுகிறது. அதில் இலக்கமிட்ட பக்கம் இல்லை, பொறுப்பதிகாரியின் ஒப்பம் இல்லை. அது நாளை எந்த மேசையில் கிடக்கும், யார் கைக்குப் போகும் என்பதற்கு எவரும் பொறுப்பில்லை. கணவரை இழந்த ஒரு பெண்ணின் தொலைபேசி இலக்கம் அப்படியொரு கொப்பியில் கிடப்பதன் அர்த்தம் என்னவென்று எங்கள் பெண்களுக்கு விளக்கத் தேவையில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு வரும் அழைப்புகளைப் பற்றி வேறு இரண்டு கடிதங்களும் வந்திருக்கின்றன.

சட்டம் சொல்வதைச் சொல்கிறேன். வீட்டில் குடியிருப்போரின் பட்டியலைக் கேட்கும் அதிகாரம் 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின்படி பொலிஸுக்கு உண்டு. அந்த அதிகாரம் பொலிஸுக்குரியது. ஊர் பேர் சொல்லாமல் வருபவருக்கு உரியதன்று. அது குடியிருப்போரைப் பற்றியது. சங்கத்தின் கணக்கைப் பற்றியதும் அன்று. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், மூன்று ஆண்டுகளுக்கென்று தற்காலிகமாக வந்து இன்றுவரை எங்களோடு இருக்கும் சட்டம். அவ்வளவு கடுமையான அந்தச் சட்டம்கூட, பிடியாணையின்றிக் கைது செய்யவும் வீட்டைச் சோதனையிடவும் பொலிஸ் அத்தியட்சகருக்கோ அவர் எழுத்தில் அதிகாரம் அளித்த, உப பரிசோதகர் தரத்துக்குக் குறையாத அதிகாரிக்கோதான் இடமளிக்கிறது. “எழுத்தில்” என்ற சொல் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே அடுத்த முறை வரும்போது சண்டை பிடிக்காமல், இருக்கை கொடுத்து, அடையாள அட்டையைக் காட்டும்படி கேளுங்கள். பெயர், கடமையாற்றும் இடம், வந்த நேரம், கேட்ட கேள்விகள் ஆகியவற்றை அவர்களுக்கு முன்பாகவே உங்கள் சங்கக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். “எங்கள் தலைவியோடு பேசிவிட்டு எழுத்தில் பதில் தருகிறோம், கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள்” என்று சொல்லுங்கள். தனியாக ஒருவரும் பேச வேண்டாம். எவராவது வாக்குமூலம் எழுதினால், அது சிங்களத்தில் இருந்து உங்களுக்கு விளங்காவிட்டால் ஒப்பமிட வேண்டாம்; கிழக்கு மாகாணத்தில் தமிழும் நிருவாக மொழியே. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. 1996 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் முறையிடலாம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் எவரையாவது கைது செய்தால், 48 மணித்தியாலங்களுக்குள் அந்த ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டியது கைது செய்தவரின் கடமை என்பதையும் உங்கள் உறுப்பினர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

இவ்வளவும் எழுதிய பின்னர் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் நகரத்தில் மேசையில் இருந்து எழுதுவது எளிது. தனிவீட்டில் இரண்டு பெண்பிள்ளைகளோடு இருப்பவருக்குச் சட்டப் பிரிவு துணைக்கு வராது. அதனால்தான் தனியாகப் பேச வேண்டாம் என்பதை எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன்.

கேள்வி: மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். மறைப்பதற்கு எதுவும் இல்லாதவர் கண்காணிப்புக்கு ஏன் அஞ்ச வேண்டும்?
ஓர் ஓய்வுபெற்ற எழுதுநர், திருக்கோவில்

பதில்: ஐயா, உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் மதில்கள் வருவதற்கு முன்னர் கிடுகு வேலிகள் இருந்தன. மாரி தொடங்குமுன் அம்மம்மா கிடுகு பின்னுவித்து வேலி அடைப்பார். கிணற்றடிப் பக்கம் மட்டும் இரண்டு வரிச்சு கூட வைத்து, தலைக்கு மேலே வரும்படி கட்டுவிப்பார். அந்த வேலி கள்ளனைத் தடுக்காது. கையால் தள்ளினால் விலகிவிடும். அம்மம்மா எதையும் களவெடுத்து அங்கே ஒளித்து வைத்திருக்கவும் இல்லை. குமர்ப்பிள்ளைகள் குளிக்கும் இடம், அவ்வளவுதான். வேலியில் ஓட்டை வைத்துப் பார்த்தவனை ஊர் என்ன செய்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். அப்போது ஒருவரும், குளிப்பவளின் மடியில் என்ன கனம் என்று கேட்கவில்லை.

சட்டமும் இதை அறியாததன்று. எங்கள் பொதுச் சட்டமான உரோம டச்சுச் சட்டத்தில், ஒருவருடைய அந்தரங்கத்தில் வேண்டுமென்றே தலையிடுவது அவருடைய மாண்புக்குச் செய்யும் தீங்காகக் கருதப்பட்டு நட்டஈடு கோரும் வழி இருக்கிறது. 1980 ஜூன் மாதத்தில் இலங்கை ஏற்றுக்கொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனையின் 17ஆவது உறுப்புரையும் அந்தரங்கத்தைப் பாதுகாக்கிறது. ஆனால் அதை உள்நாட்டுச் சட்டமாக்குவதாகச் சொல்லி 2007இல் கொண்டுவந்த 56ஆம் இலக்கச் சட்டத்தில் அந்த உறுப்புரையைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள்.

கேள்வி: பொலிஸாரோ புலனாய்வுப் பிரிவினரோ எனது தொலைபேசியை ஒட்டுக்கேட்க முடியுமா? வட்ஸ்அப் பாதுகாப்பானதா? சோதனைச்சாவடியில் தொலைபேசியைத் திறந்து காட்டச் சொன்னால் என்ன செய்வது?
ஒரு பல்கலைக்கழக மாணவர், அக்கரைப்பற்று

பதில்: தம்பி, மூன்றையும் வேறு வேறாகப் பார்க்க வேண்டும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, அதிகாரமின்றித் தொடர்பாடலை இடைமறிப்பது குற்றம். அதே சட்டம், பொது அவசர நிலையிலும் பொதுப் பாதுகாப்பின் பொருட்டும் கட்டளையிடும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுத்திருக்கிறது. கட்டளையிடுபவர் அமைச்சர், சரியா பிழையா என்று முன்கூட்டியே பார்க்க நீதிபதி இல்லை. இந்தச் சட்டத்தில் எனக்குள்ள பெரிய குறை அதுதான். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதைவிடச் சற்று மேலானது. அதன் 18ஆவது பிரிவின்படி, சந்தாதாரர் விபரத்தைப் பெறவும் தொடர்பாடலை இடைமறிக்கவும் நீதவானின் ஆணை வேண்டும். ஆனால் விசாரணை அவசரம், சான்று அழிந்துவிடக்கூடும், இரகசியம் காக்க வேண்டும் என்ற நிலைகளில் ஆணையின்றியும் செய்யலாம் என்று அதே பிரிவில் ஒரு பின்கதவும் உண்டு. எந்த விசாரணைதான் அவசரமில்லை என்று ஓர் அதிகாரி சொல்லப்போகிறார்?

வட்ஸ்அப் செய்தியின் உள்ளடக்கத்தைத் தொலைபேசி நிறுவனம் வழியில் திறந்து வாசிக்க முடியாது. 2016 முதல் அது முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுகிறது. ஆனால் சாதாரண அழைப்பாக நீங்கள் யாரோடு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் நின்று பேசினீர்கள் என்பது நிறுவனத்தின் பதிவில் இருக்கும். மாவீரர் நாளான நவம்பர் 27ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு உங்கள் தொலைபேசி எந்தத் துயிலுமில்லத்துக்கு அருகில் இருந்தது என்பதை அறிய, நீங்கள் பேசியதை ஒரு சொல்லும் கேட்கத் தேவையில்லை. எவ்வளவுதான் மறையாக்கம் இருந்தாலும், திறந்த தொலைபேசியைக் கையில் கொடுத்துவிட்டால் எல்லாமே வெளிச்சம்தான்.

சாவடியில் கேட்டால் மரியாதையாகக் காரணத்தைக் கேளுங்கள். எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேளுங்கள். பலவந்தமாக எடுத்தால் இழுபறிப்பட வேண்டாம், உங்கள் உடம்பு தொலைபேசியைவிடப் பெறுமதியானது. கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ்க் கைப்பற்றினால், எடுத்த பொருளின் பட்டியலைத் திகதியும் நேரமும் குறித்து உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்று அச்சட்டமே சொல்கிறது. அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே சட்டத்தரணியைப் பார்ப்பதைப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: 2019இற்குப் பின்னர் எங்கள் ஊரில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. அறபுப் புத்தகம் இருந்த வீட்டைச் சந்தேக வீடாகப் பார்த்தார்கள். அதே காலத்தில் எங்கள் தமிழ் அயலவர்கள் சிலர் “உங்களுக்கு இது வேண்டும்” என்றார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?
ஒரு வியாபாரி, காத்தான்குடி

பதில்: அயலவர்கள் சொன்னதற்காக ஒரு தமிழனாக வெட்கப்படுகிறேன். 1990களில் எங்கள் வீடுகளில் எந்தப் புத்தகத்தையும் எங்கே ஒளிப்பது என்று தவித்தவர்கள் நாங்கள். அறபு எழுத்தைக் கண்டு மிரண்ட சிப்பாயின் முகத்தை நாங்கள் அடையாளம் கண்டிருக்க வேண்டும். அந்த மே மாதத்தில் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண், அணிந்திருந்த ஆடையில் இருந்த கப்பற் சுக்கானின் படத்தைத் தர்மச் சக்கரம் என்று எவரோ நினைத்ததற்காகக் கைது செய்யப்பட்டார். மேலே நான் சொன்ன 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம்தான் அவருக்கு எதிராகப் பாவிக்கப்பட்டது.

பாதுகாப்பின் கோணத்திலிருந்து பார்த்தாலும் இது நட்டக் கணக்கு. 2019 ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் வாடகை வீட்டில் ஒளிந்திருந்த சஹ்ரான் குழுவினரைப் பற்றி அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னவர்கள் அந்த ஊர் மக்கள். அலியார் சந்திக் காலத்தில் முறையிட்டவர்களும் ஊர் மக்களே. சொன்னவனையும் சந்தேகப்படும் அரசிடம் அடுத்த முறை யார் போய்ச் சொல்வார்கள்?

கேள்வி: எனது தனியார் கல்வி நிலையத்தில் கமரா பூட்டியிருக்கிறேன். பதிவுப் பெட்டியை அப்படியே தரும்படி ஒருவர் கேட்டார். கொடுக்கலாமா?
ஒரு நிலைய உரிமையாளர், கல்முனை

பதில்: எந்த முறைப்பாடு, எந்தத் திகதி, எந்த நேரம் என்று எழுத்தில் வாங்கி, அந்த நேரத்துக்குரிய பதிவை மட்டும் பிரதி எடுத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்குங்கள். பெட்டியை முழுதாகக் கொடுத்தால் முந்நூறு பிள்ளைகளின் போக்குவரவும் சேர்ந்து போகும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தாமதமாகத் தாமதமாக நடைமுறைக்கு வந்துகொண்டிருந்தாலும், தரவைக் குறித்த நோக்கத்துக்கு மட்டுமே பாவிக்க வேண்டும் என்ற அதன் கொள்கையை நீங்கள் இன்றே கடைப்பிடிக்கலாம். வகுப்பறைக்குள் கமரா பூட்டியிருந்தால் அதைக் கழற்றிவிடுவது நல்லது. இதை நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன்.

கேள்வி: முகநூலில் யார் எதை எழுதுகிறார்கள் என்று அரசு பார்ப்பதையும் எதிர்ப்பீர்களா? 2018இல் அம்பாறையில் நடந்தது நினைவில்லையா?
ஒரு வாசகர், சம்மாந்துறை

பதில்: நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பெப்ரவரியில் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், கறியில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கிளம்பிய கதை முகநூலில் பரவி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாவின் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். சந்தியில் ஒலிபெருக்கி வைத்துப் பேசுவதைப் பொலிஸ் கேட்பது ஒட்டுக்கேட்பதாகாது. எல்லோரும் காணும்படி எழுதிய பதிவும் அப்படித்தான். ஆனால் அன்று அங்கே குறைந்தது கண்காணிப்பன்று. கண்முன்னால் கூட்டம் திரண்டபோது அதைக் கலைக்க ஆள் வராததுதான் குறை. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அந்தக் குறைக்கு மருந்தாகாது. எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஓர் ஆணைக்குழுவிடம் கொடுப்பதை நான் ஏற்கவில்லை.

கேள்வி: என்னைப் பற்றி ஏதாவது கோப்பு இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாமா? கேட்டால் கொடுப்பார்களா?
ஒரு மீனவர் சங்க உறுப்பினர், வாழைச்சேனை

பதில்: கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் இருக்கிறது. பாதுகாப்பு, புலனாய்வு நிறுவனங்கள் அதன் எல்லைக்கு வெளியே வைக்கப்படவில்லை. ஆனால் தேசிய பாதுகாப்பைக் குலைக்கும் என்றால் தகவலை மறுக்கலாம் என்று 5ஆவது பிரிவு சொல்கிறது. “என் கோப்பைக் காட்டுங்கள்” என்று கேட்டால் அந்த ஒரு வரியைப் பதிலாக எழுதி முடித்துவிடுவார்கள். ஆகவே கேள்வியைச் சிறிதாக்குங்கள். இன்ன திகதியில் எங்கள் சங்கக் கட்டடத்துக்கு வந்தவர்கள் உங்கள் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களா, எந்தச் சட்டத்தின் கீழ் விபரம் சேகரித்தார்கள், சேகரித்த விபரம் எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும் என்று மூன்று கேள்விகள் போதும். இவற்றுக்குப் பதில் சொல்வதால் எந்த நாட்டின் பாதுகாப்பும் குலையாது.

தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். ஒருவருடைய உயிரோ தனிப்பட்ட சுதந்திரமோ சம்பந்தப்பட்ட கோரிக்கை என்றால் 48 மணித்தியாலங்களுக்குள் பதில் தர வேண்டும். மறுப்பில் திருப்தி இல்லாவிட்டால் 14 நாட்களுக்குள் அந்த நிறுவனத்தின் குறித்தொதுக்கப்பட்ட அதிகாரியிடமும், அதற்குப் பின்னர் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். தமிழிலேயே எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். கடலுக்குப் போகும் பையில் வைத்து நனைத்துவிடாதீர்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.